அரஸ்டட் டெவலப்மென்ட்: நல்ல பிள்ளை மைக்கேலும் நானும்

போன செமஸ்டர்ல ஒரு நாள் ஆடிட்டிங் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வர்ற வகுப்பு, பாதிப் பேர் கண்ணைத் திறந்துகிட்டே தூங்கிட்டு இருந்தாங்க. "பேலன்ஸ் ஷீட்ல கைரொக்கம்னு ஒரு தொகை இருந்தா, ஆடிட்டர் நேர்ல எண்ணிப் பார்க்கணும். பத்திரமா இருக்கு சார்னு ஓனர் வாயால சொன்னா ஏத்துக்கக் கூடாது"ன்னு சார் சொன்னார். எனக்குப் பொத்துக்கிட்டு சிரிப்பு வந்தது. என்னன்னு கேட்டார். "ஒண்ணுமில்ல சார், ஒரு வாழைப்பழக் கடை ஞாபகம் வந்தது"ன்னேன். தூங்கின பாதி வகுப்பும் முழிச்சுக்கிச்சு. என்னை வெளியில நிக்கச் சொல்லிட்டார். :-)

அந்த வாழைப்பழக் கடை வர்ற தொடரைப் பத்திதான் இந்தப் பதிவு. 'அரஸ்டட் டெவலப்மென்ட்'. நான் பார்த்ததிலேயே நல்ல காமெடித் தொடர் எதுன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன். ஒரு எச்சரிக்கை: கதையை நிறைய உடைக்கப் போறேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, நான் எங்கேயும் போகலை.

முதல்ல ஒரு சின்ன அறிமுகம். 2003 நவம்பர் 2-ம் தேதி அமெரிக்காவுல ஃபாக்ஸ் சேனல்ல ஆரம்பிச்ச தொடர். உருவாக்கினவர் மிட்செல் ஹர்விட்ஸ். கலிஃபோர்னியாவுல ஆரஞ்ச் கவுன்ட்டியில வீடு கட்டி விக்கிற ப்ளூத் கம்பெனிதான் கதைக்களம். முதல் எபிசோட்ல படகுல பார்ட்டி நடக்குது. ஓனர் ஜார்ஜ் சீனியர் ரிட்டயர் ஆகப் போறார், அடுத்த தலைவர் பதவி தனக்குத்தான்னு மைக்கேல் காத்துகிட்டு இருக்கான். அப்பா அந்தப் பதவியைத் தூக்கி அம்மா லூசில் கையில குடுக்குறார். அடுத்த நிமிஷம் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அதிகாரிகள் படகுல வந்து அப்பாவைக் கைது பண்றாங்க. கம்பெனிக் கணக்கு முடக்கம். கார், கிரெடிட் கார்டு எல்லாத்துக்கும் கம்பெனிப் பணத்தையே நம்பியிருந்த குடும்பம் நடுத்தெருவுக்கு வருது.

தலைப்பே சிலேடை. பாதியில நின்னுபோன வீட்டு மனைத் திட்டம், கைதான முதலாளி, வயசானாலும் மனசு வளராத பிள்ளைங்க, மூணும் அந்த ரெண்டு வார்த்தைக்குள்ள அடங்கிடுது.

குடும்பத்துல ஒவ்வொருத்தரும் ஒரு ரகம். மூத்தவன் ஜோப், மேஜிக் பண்றவன். அதை மேஜிக் வித்தைன்னு யாராவது சொன்னா கோவிச்சுக்குவான், மாயத்தோற்றம்னு சொல்லணுமாம். கடைக்குட்டி பஸ்டர், முப்பது தாண்டியும் அம்மா முந்தானையை விடாதவன். லிண்ட்சே ஒரு வேலைக்கும் போகாத சகோதரி. அவ புருஷன் டோபியாஸ், டாக்டர் தொழிலை விட்டுட்டு நடிகன் ஆகப் போறேன்னு உடம்பு முழுக்க நீலப் பெயின்ட் பூசிக்கிற ஆசாமி. அந்த நீலக் கறை அப்புறம் வீட்டுச் சுவர்ல அங்கங்க தெரியும், யாரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. இவங்களுக்கு நடுவுல மனைவியை இழந்த மைக்கேல், அவனோட பையன் ஜார்ஜ் மைக்கேல், லிண்ட்சே பொண்ணு மேபி.

சிரிப்புச் சத்தம் சேர்க்காத தொடர் இது. பின்னணியில கதை சொல்ற குரல் ரான் ஹோவர்டுடையது. பாத்திரம் ஒண்ணு சொல்லும், அடுத்த நொடி அவர் "இல்லை"ன்னுவார். என்னை மாதிரி பி.காம் ஆளுக்கு இது அப்படியே ஆடிட் ரிப்போர்ட். நிர்வாகம் "எல்லாம் சரியா இருக்கு"ன்னு எழுதிக் குடுக்கும், ஆடிட்டர் கீழே குறிப்பு போடுவார். அந்தக் குறிப்புலதான் விஷயமே இருக்கும்.

இந்தத் தொடர் வந்த காலத்தையும் பார்க்கணும். 2001-ல என்ரான் சரிந்தது, 2002-ல வேர்ல்ட்காம். அதே வருஷம் அடெல்ஃபியான்னு ஒரு கேபிள் டிவி கம்பெனி. ரீகஸ் குடும்பம் நடத்தினது. கம்பெனியோட பொறுப்புல குடும்பம் வாங்கின 230 கோடி டாலர் கடன் பேலன்ஸ் ஷீட்லயே காட்டப்படலைன்னு வெளியில வந்தது. 2002 ஜூலையில அப்பா ஜான் ரீகஸ், ரெண்டு மகன்களோட சேர்த்துக் கைதானார். இந்த மாதிரிக் குடும்பங்களைப் பார்த்துத்தான் ப்ளூத் குடும்பத்தை எழுதினாங்க. பி.காம் முதல் வருஷத்துல முதல் பாடமே 'வியாபாரம் வேற, முதலாளி வேற'. இந்தக் குடும்பத்துல அந்தப் பாடத்தை யாரும் படிக்கவே இல்லை.

இனி வாழைப்பழக் கடை. உறைய வெச்ச வாழைப்பழத்தைச் சாக்லேட்ல முக்கி விக்கிற ஒரு சின்னப் பெட்டிக்கடை, கடற்கரை ஓரமா. குடும்பத்தோட பழைய தொழில். ரெண்டாவது எபிசோட்ல மைக்கேல் தன் பையனை அதுக்கு மேனேஜர் ஆக்குறான். மேபியும் வேலைக்கு வர்றா. கல்லாவுல இருந்து பணம் எடுக்க அவ ஒரு வழி சொல்றா: ஒரு டாலர் எடுத்தா ஒரு வாழைப்பழத்தைக் குப்பையில போட்டுடு, கணக்கு சரியாயிடும்.

முதல் தடவை பார்த்தப்போ என்ன மூளைடான்னு நினைச்சேன். அப்புறம் நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். பழம் ஒரு டாலர்னு வெச்சுக்குவோம். நூறு பழம். பத்து வித்தாச்சு, கல்லாவுல பத்து டாலர், மிச்சம் தொண்ணூறு. ஒரு டாலர் எடுத்தா ஒன்பது டாலர். கணக்கு நேராகணும்னா பழம் தொண்ணூத்தி ஒண்ணு இருக்கணும், அதாவது ஒண்ணைச் சேர்க்கணும். இவ ஒண்ணைத் தூக்கிப் போடுறா. துண்டு ரெண்டு மடங்காயிடுது! திருட்டை மறைக்கப் போய் திருட்டைப் பெருசாக்குற கணக்கு. ஒரு டாலர் பழத்துல மொத்தக் கார்ப்பரேட் மோசடியையும் சொல்லிட்டாங்க.

அதே எபிசோட்ல இன்னொண்ணு. ஜெயில்ல இருக்குற அப்பாகிட்ட மைக்கேல் பணத்துக்கு என்ன வழின்னு கேக்குறான். அவர் திரும்பத் திரும்ப ஒண்ணையே சொல்றார்: வாழைப்பழக் கடையில எப்பவும் பணம் இருக்கு. மைக்கேல் அதைத் தொழில் தத்துவமா எடுத்துக்கிறான். கடைசியில அப்பா நிழல்ல இருந்து விடுபடணும்னு பையனோட சேர்ந்து அந்தக் கடையைக் கொளுத்துறான். கொளுத்திட்டுப் பெருமையா அப்பாகிட்ட போய்ச் சொல்றான். அப்பத்தான் தெரியுது, கடைச் சுவருக்குள்ள ரெண்டரை லட்சம் டாலர் நோட்டா அடுக்கி வெச்சிருந்தது. அப்பா உவமையே சொல்லலை, முகவரி சொல்லியிருக்கார்.

வகுப்புல நான் சிரிச்சது இதை நினைச்சுத்தான். ஆனா முதல் தடவை பார்த்தப்போ நான் சிரிச்சது அப்பாவைப் பார்த்து. 'என்ன கிறுக்குக் குடும்பம், பாவம் மைக்கேல்'னு. ரெண்டாவது தடவை பார்த்தப்போ அப்படிச் சிரிக்க முடியலை. அதுக்குக் காரணம் எங்க கடை.

எங்க அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு ஹார்டுவேர் கடை வெச்சிருக்காங்க. ஆணி, குழாய், பெயின்ட், கயிறு. நான் பி.காம் சேர்ந்ததுல இருந்து கணக்கை டேலியில ஏத்துறது என் வேலை. அப்பா இன்னும் துண்டுக் காகிதத்துல எழுதி மேஜை டிராயர்ல போடுறவர். நான் லீவுக்கு வரும்போது அதையெல்லாம் பொறுக்கி எடுத்து ஏத்துவேன். சொல்லிக்கிற மாதிரி ஒரு பெருமை, வீட்டுல கணக்கு தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான்னு. அரஸ்டட் டெவலப்மென்ட் பார்க்க ஆரம்பிச்சப்போ சந்தேகமே இல்லை, நான்தான் மைக்கேல். மத்தவங்கள்லாம் ஜோப், பஸ்டர்.

போன வருஷம் ஒரு லீவுல கணக்குப் பார்த்தப்போ 38,000 ரூபாய் இடிச்சது. அப்பாகிட்ட கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டே, "அது சீட்டுல இருக்குடா"ன்னார். நான் டிராயரைக் குடைஞ்சேன். ஒவ்வொரு துண்டுச் சீட்டா பிரிச்சுப் பார்த்தேன். அந்தத் தொகைக்கு ஒரு சீட்டும் இல்லை. அப்பா மழுப்புறார்னு முடிவு பண்ணிட்டேன். நேரா சித்தப்பாகிட்ட போய், "சித்தப்பா, முப்பத்தெட்டாயிரம் கணக்குல வரலை, அப்பா சரியா பதில் சொல்ல மாட்டேங்குறார்"னு சொன்னேன். நேர்மையான ஆள் இல்லையா நான்!

அப்பா சொன்னது ஏலச்சீட்டு. பக்கத்துத் தெருவுல ஒருத்தர்கிட்ட கடைப் பேர்லயே மாசாமாசம் கட்டிக்கிட்டு வந்திருக்கார். தீபாவளிச் சரக்குக்கு எடுக்கலாம்னு. சித்தப்பாகிட்ட முன்னாடியே சொல்லாதது அப்பா தப்புதான், அதை நான் மறுக்கலை. ஆனா என்கிட்ட அவர் பொய் சொல்லலை. பணம் எங்க இருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டார். எனக்குத் தெரிஞ்ச சீட்டு டிராயர்ல இருக்குற சீட்டு, அவ்வளவுதான். "எந்தச் சீட்டுப்பா?"ன்னு இன்னொரு தடவை கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நான் கேக்கலை. அண்ணனும் தம்பியும் ரெண்டு மாசம் சரக்கு விஷயம் தவிர வேற எதுவும் பேசிக்கலை. ஒரே கடையில, ஒரே மேஜைக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துகிட்டு.

அதுக்கப்புறம்தான் தொடரை முதல்ல இருந்து திரும்பப் பார்த்தேன். என் கருத்து இதுதான்: அந்தக் குடும்பத்துல தன்னைப் பத்தி ரொம்பப் பொய் சொல்லிக்கிற ஆள் மைக்கேல். மத்தவங்க சுயநலத்தை மறைக்கிறதே இல்லை. லூசில் ஒரு வாழைப்பழம் பத்து டாலர் இருக்கும்னு நினைக்கிறவ, அதை வெக்கப்படாம சொல்றவ. மைக்கேல் மட்டும் தன் சுயநலத்துக்குத் தியாகம்னு பேர் வெச்சிருக்கான்.

ஆதாரம் கேட்டா அடுக்குறேன். ஒண்ணு, "நான் கிளம்புறேன்"னு எத்தனை தடவை சொல்றான்! ஒவ்வொரு தடவையும் திரும்பி வர்றான். அவங்களுக்கு இவன் வேணும்ங்கிறதை விட, தான் இல்லாம அவங்களால முடியாதுங்கிற நினைப்பு இவனுக்கு வேணும். ரெண்டு, பையனோட காதலி ஆன். அவ பேரையே ஞாபகம் வெச்சுக்க மாட்டான், ஒவ்வொரு தடவையும் "அவளா?"ன்னு கேப்பான். அதை நாம நகைச்சுவையா எடுத்துக்கிறோம், சரி. ஆனா அந்தப் பையன் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. மூணு, அதே பையன் மேபியை நினைச்சு உருகிக்கிட்டு இருக்கான், ஒரே வீட்டுல இருக்குற அப்பாவுக்கு அது கண்ணுல படவே இல்லை. குடும்பம்தான் முக்கியம்னு பையனுக்கு நாள் தவறாம பாடம் எடுக்குற அப்பா.

தொடக்கத்துல ஒவ்வொரு தடவையும் ரான் ஹோவர்ட் குரல்ல ஒரு அறிமுகம் வரும். எல்லாரையும் சேர்த்துக் கட்டிக்காக்குறதைத் தவிர அந்த மகனுக்கு வேற வழி இல்லைங்கிற மாதிரி. மத்தவங்க பொய்யையெல்லாம் திருத்துற அந்த ஆடிட்டர், இந்த ஒரு இடத்துல மட்டும் மைக்கேல் எழுதிக் குடுத்ததை அப்படியே படிச்சுட்டார்னு தோணுது. வழி இருந்தது. அவன் போகலை.

இவ்வளவு நல்ல தொடர் ஏன் ஓடலை? 2004-ல சிறந்த காமெடித் தொடருக்கான எம்மி உட்பட அந்த ஒரே வருஷத்துல அஞ்சு எம்மி வாங்கினது. ஆனா பார்த்த கூட்டம் குறைவு. முதல் சீசன் 22 எபிசோட், ரெண்டாவது 18, மூணாவது 13. இறங்குற வரிசையைப் பார்த்தாலே தெரியும். 2006 பிப்ரவரி 10-ம் தேதி கடைசி நாலு எபிசோடையும் ஒரே ராத்திரியில போட்டாங்க, அதுவும் டூரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவுக்கு எதிரா. பழைய சரக்கைத் தள்ளிவிடுற மாதிரி.

சேனலை மட்டும் குத்தம் சொல்லவும் மனசு வரலை. வாரத்துக்கு ஒண்ணுன்னு பார்க்குறவங்களுக்கு இது கஷ்டமான தொடர். ரெண்டாவது சீசன்ல பஸ்டர் கையை ஒரு கடல்நாய் கடிச்சுத் துண்டாக்கிடுது. அதுக்கு முன்னாடியே ஒரு பெஞ்ச்ல பஸ்டர் உக்காந்திருப்பான், ராணுவ அதிகாரிகள் சம்பந்தமா பின்னாடி இருக்குற விளம்பரத்துல பாதி எழுத்து அவன் உடம்பால மறைஞ்சு, மிச்சம் படிச்சா 'கை போச்சு'ங்கிற அர்த்தம் வரும். 'லூசில்'ங்கிற அம்மா பேரும் இங்கிலீஷ்ல 'அவிழ்த்துவிட்ட கடல்நாய்'ங்கிறதும் ஒரே உச்சரிப்பு. அம்மா பிடியில இருந்து தப்பிக்கக் கடலுக்குப் போனவனை அம்மா பேரே கடிச்சிடுது. வக்கீல் பேரியா வர்ற ஹென்றி விங்க்லர் ஒரு காட்சியில செத்த சுறாவைத் தாண்டிக் குதிப்பார். 1977-ல 'ஹேப்பி டேஸ்' தொடர்ல சுறாவைத் தாண்டினதும் அவர்தான், அதுல கூட நடிச்சவர் ரான் ஹோவர்ட். இதெல்லாம் நிறுத்தி, திருப்பி, நண்பனைத் தட்டிக் கூப்பிட்டுக் காட்ட வேண்டியது. ஒரு வாரம் காத்திருந்து பார்த்தா பாதி நழுவிடும்.

2013 மே 26-ல நெட்ஃப்ளிக்ஸ் நாலாவது சீசனைக் கொண்டுவந்தது. நடிகர்கள் எல்லாரையும் ஒரே நேரத்துல சேர்க்க முடியாததால எபிசோடுக்கு ஒரு ஆள்னு கதையைப் பிரிச்சாங்க. ரசிகர்கள் நிறையப் பேருக்கு அது பிடிக்கலை. 2018-ல அதையே வெட்டி ஒட்டி 22 எபிசோடா மாத்தியும் விட்டாங்க. என் ஓட்டு அந்தப் பழைய 15 எபிசோடுக்குத்தான். இழுவைன்னு சொல்றதை ஒத்துக்கிறேன். ஆனா மைக்கேலைப் பத்தி உண்மையைச் சொல்ற தைரியம் அதுலதான் இருக்கு. காலேஜ்ல படிக்கிற பையனோட ஹாஸ்டல் ரூம்ல போய் ஒட்டிக்கிறான் அப்பா. யாரை வெளியேத்தலாம்னு ஓட்டு போடுறாங்க. வெளியேத்தப்படுறது தான்தான்னு அவனுக்குப் புரியுற அந்த இடத்துல நான் சிரிக்கலை. ஹாஸ்டல்ல இருக்குறவங்களுக்கு இன்னும் நல்லாவே உறைக்கும்.

அஞ்சாவது சீசன் 2018, 2019-னு ரெண்டு பாதியா வந்தது. அதைக் காப்பாத்த நான் வாதாடப் போறதில்லை. ஆனா அதையொட்டி நடந்த ஒண்ணைச் சொல்லாம விட முடியலை. 2018 மே மாசம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு நடிகர்கள் கூட்டா பேட்டி குடுத்தாங்க. அப்பாவா நடிச்ச ஜெஃப்ரி டாம்போர் படப்பிடிப்புல தன்னைக் கத்தினதைப் பத்தி, லூசிலா நடிச்ச ஜெசிகா வால்டர் கண்ணீரோட பேசினார். நடந்ததை டாம்போரே முன்னாடி ஒத்துக்கிட்டவர். பக்கத்துல இருந்த ஆண் நடிகர்கள், குறிப்பா மைக்கேலா நடிச்ச ஜேசன் பேட்மன், இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்ங்கிற தொனியில சமாதானம் சொன்னார். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்டார். படிச்சப்போ தொடரோட இன்னொரு எபிசோட் மாதிரியே இருந்தது. குடும்பம் உடையக் கூடாதுன்னு நடுவுல புகுந்து பேசுற நல்லவன், அழுதுகிட்டு இருக்குற ஆளை மட்டும் கேக்கலை. வால்டர் 2021 மார்ச்ல காலமானார். அவர் இல்லாம லூசில் இல்லை, லூசில் இல்லாம இந்தத் தொடர் இல்லை.

மூணாவது சீசன் கடைசிக் காட்சியில மைக்கேலும் பையனும் எல்லாரையும் விட்டுட்டுப் படகுல கிளம்பிடுவாங்க. கடைசியா விடுதலைன்னு நினைக்கும்போது கீழ்த்தளத்துல அப்பா உக்காந்திருப்பார். முன்னாடி அதைத் தண்டனையா பார்த்தேன். இப்போ யோசிச்சா, அப்பாகிட்ட அந்த வாழைப்பழக் கடையைப் பத்தி ரெண்டாவது கேள்வியைக் கேக்க அவனுக்குக் கிடைச்ச இன்னொரு வாய்ப்புன்னு தோணுது. கேட்டிருப்பானான்னு எனக்குச் சந்தேகம்தான்.

எங்க வீட்டு விஷயம்? சித்தப்பாகிட்ட போய், நான் சரியா விசாரிக்காம சொல்லிட்டேன்னு சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசலை. "நீ படிச்ச பையன்னுதான்டா நம்பினேன்"னார். அந்த ஒரு வரி எந்த ஆடிட் ரிப்போர்ட்டை விடவும் கனமா இருந்தது. தீபாவளிக்குச் சீட்டு எடுத்தாச்சு, சரக்கு வந்தாச்சு, ரெண்டு பேரும் இப்போ பேசிக்கிறாங்க. பழைய மாதிரி இல்லை, ஆனா டீ சேர்ந்து குடிக்கிறாங்க. அப்பா இன்னமும் துண்டுக் காகிதத்துலதான் எழுதுறார். நான் இப்பவும் டேலியில ஏத்துறேன். ஒரே வித்தியாசம், புரியலைன்னா "எந்தச் சீட்டுப்பா?"ன்னு கேக்குறேன்.

பி.கு: எங்க அம்மாவுக்கு ஒரு வாழைப்பழம் எவ்வளவுன்னு காலையில விலை, சாயங்கால விலை ரெண்டும் தெரியும். அந்த வகையில நாங்க ப்ளூத் குடும்பம் இல்லை. :-)